கூரைக்குப் போன பல்

லோகநாயகி: ஐய... இன்னாத்துக்கு மேடம் இதெல்லாம்? உள்ள வெய்யி, பைக்குள்ள வெய்யி மொதல்ல. ஆயாம்மா லஞ்சம் வாங்கிகினான்னு எவனாச்சும் போட்டோ புடிச்சி குரூப்ல போட்ருவான்.

சுரேகா: முந்திரிக்கொத்தை எவன்க்கா லஞ்சம்னு சொல்லுவான்? காலையில நானே சுட்டது. பிடிங்க.

லோகநாயகி: முந்திரி போட்டதா? அம்மாடி...

சுரேகா: முந்திரியே கிடையாதுக்கா இதுல. பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும்தான். எங்க திருநெல்வேலிப் பக்கம் பேரு அப்படி.

லோகநாயகி: பேர்ல மட்டுந்தான் முந்திரியா? சோக்கா கீது. நம்ம இஸ்கூல் போர்டுல இன்டர்நேஷனல்னு கீற மாதிரி.

சுரேகா: மெல்லக்கா... ஹெட்மிஸ்ட்ரஸ் கமலம் மேடம் ரூம் ஜன்னல் திறந்து கிடக்கு.

லோகநாயகி: கெடக்கட்டும். மூணே முக்காலுக்கு மேல எச்செம் ஃபேனைப் போட்டுகினு கண்ணை மூடிக்கும். கேட்டா அடுத்த வருஷத்துக்கு ப்ளான் பண்றேன்னும். குடு இங்க... அட, இது நம்ம நிர்மல் டப்பா ஆச்சே! பச்சை மூடி.

சுரேகா: ஆமா, அவன் டிபன் பாக்ஸ்தான். சனிக்கிழமை மூடியில இருக்கிற ரப்பரைக்கூட கழட்டி நல்லாக் கழுவிட்டேன்.

லோகநாயகி: கழுவுனியான்னு நான் கேட்டனா?

சுரேகா: இல்ல... சும்மா சொன்னேன்.

லோகநாயகி: குந்து மேடம், இப்டி நெழல்ல. வேன் வர இன்னும் அரை மணி கீது. பசங்க ஊஞ்சலாண்ட ஆடிகினு கீதுங்க. ஆபீஸு இல்லியா இன்னிக்கி?

சுரேகா: அரை நாள் லீவு போட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டுல இருந்து நேரா இங்கதான் வாரேன். உங்களுக்கு நன்றி சொல்லணும்னு.

லோகநாயகி: எனுக்கா? சரியாப் போச்சி. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு மூக்கு தொடைக்கிறது, ஷூ லேஸு கட்டுறது, ஜட்டி மாத்துறது... இத்தான் பதினோரு வருஷமா என் வேல. இதுக்கு எவ வந்து நன்றி சொல்லிகினு கீறா?

சுரேகா: நான் சொல்றேன்லா. அப்புறம் மேடம் எல்லாம் வேண்டாம்க்கா. சுரேகான்னு கூப்பிடுங்க.

லோகநாயகி: சரி சுரேகாம்மா. சொல்லு.

சுரேகா: போன வாரம் நான் பட்ட பாடு... திங்கக்கிழமை சாயங்காலம் வேன்ல இருந்து இறங்குறான், ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு. "என்னல ஆச்சு?"ன்னேன். பதில் இல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், மடியில வச்சுக் கேட்டேன், அவங்க அப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தாரேன்னாரு. வாயைத் திறக்கணுமே! சோத்தை மட்டும் ஒரு ஓரமா உள்ள தள்ளிட்டு மறுபடியும் பொத்திக்கிட்டான்.

லோகநாயகி: பல்லு விழுந்துச்சின்னு ஒனக்குத் தெரியாது...

சுரேகா: எப்படித் தெரியும்? வாயைக் காட்டினாத்தான! செவ்வாய்க்கிழமை அதுக்கும் மேல.

லோகநாயகி: ஆங், அந்த மெசேஜு கூத்து! அத்த நீ சொல்லி நான் கேக்கலியே. சொல்லு, சொல்லு.

சுரேகா: மீட்டிங்ல இருக்கேன். போன்ல டிங்னு ஒரு மெசேஜ். "உங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வரவில்லை." காலையில நான்தானக்கா வேன்ல ஏத்திவிட்டேன்! போட்டது போட்டபடி எந்திரிச்சு ஓடுறேன். எங்க மேனேஜர், "சுரேகா, ஸ்லைடு"ங்கறாரு. ஸ்லைடாவது மண்ணாவது! ஆட்டோக்காரர்கிட்ட "என் பிள்ளையைக் காணோம்ணே"ன்னு அழுதுட்டேன். அந்த மனுஷன் பாவம், எதிர்த்த பக்கமா எல்லாம் புகுந்து, திட்டு வாங்கி, இங்க கொண்டாந்து விட்டாரு. வந்து பார்த்தா...

லோகநாயகி: மொத பெஞ்சுல ஜம்முனு குந்திகினு கீறாரு தொரை!

சுரேகா: சாவித்திரி மிஸ் சொல்றாங்க, "பேரு கூப்பிட்டேன், ப்ரெசன்ட் சொல்லல. அதான் ஆப்சென்ட் போட்டேன்." கண்ணுக்கு நேரா உட்கார்ந்திருக்கான்க்கா!

லோகநாயகி: அது அப்டித்தான். நாப்பத்திரெண்டு புள்ளைங்க. தலையத் தூக்கிப் பாத்தா நோட்டுல வரிசை மாறிப் போயிருமாம். வாயால வந்தாத்தான் டிக்கு. போன வருஷம் ஒரு புள்ளைக்கு தொண்டை கட்டிகினு, ஒரு வாரம் ஆப்சென்ட்டு.

சுரேகா: இப்ப சிரிக்கேன். அன்னைக்கு எனக்கு சிரிப்பு வரல. உங்களுக்குத்தான் தெரியுமே... ஜூன்ல இவனைச் சேர்த்தப்போ எப்படி இருந்தான்?

லோகநாயகி: தெரியாம இன்னா? நாலு மாசம். ஒரு சொல்லு பேசல. சொவுத்தைப் பாத்துகினு நிப்பான்.

சுரேகா: ஊர்ல தெரு முழுக்கக் கத்திக்கிட்டுத் திரிஞ்ச பய. இங்க வந்து, அந்த நாலாவது மாடி ஃப்ளாட்டு, புது ஸ்கூல், புதுப் பேச்சு... அப்படியே ஊமையாயிட்டான். டாக்டர்கிட்டப் போனா, "பழகணும், பொறுங்க"ன்னாரு. எத்தனை நாள் பொறுக்க? அப்புறம் ஆயுத பூஜை லீவு முடிஞ்சு ஒரு நாள், நீங்க கேட்டுக்கு ஓடி வந்து, "மேடம், இன்னிக்கி உம்புள்ள தண்ணி குடுன்னு கேட்டான்"னு சொன்னீங்க. நான் அந்த ரோட்டுலயே நின்னு அழுதேன்.

லோகநாயகி: அழுதியா? கண்ணுல தூசின்னு சொன்னியே!

சுரேகா: ஆமா, தூசி! அதனாலதான்க்கா, போன செவ்வாய்க்கிழமை அவன் மறுபடியும் வாயை மூடினதும் என் உசிரே போச்சு. எல்லாம் பழைய குருடி கதைதான்னு நினைச்சேன். வேலையை விட்டுருறேன்னு ஆபீசுக்கு மெயில் எழுதி வச்சுட்டேன். அவங்க அப்பா இங்க இருக்கட்டும், நானும் பிள்ளையும் ஊருக்கே போயிருவோம்னு முடிவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பணும், அவ்வளவுதான்.

லோகநாயகி: ஐயையோ! இத்த நீ சொல்லவேயில்லியே எனாண்ட.

சுரேகா: வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேன்ல இருந்து இறங்கும்போதே கத்துறான், "அம்மா, எச்செம் தலையில என் பல்லு!" மெயிலை அழிச்சுட்டேன். அதுக்குத்தான் இந்த முந்திரிக்கொத்து. வேண்டாம்னு சொல்லுவீங்களா இப்போ?

லோகநாயகி: ...குடு. ஒண்ணு துன்னு பாக்கறேன்.

சுரேகா: என்னக்கா, கண்ணு கலங்குது?

லோகநாயகி: தூசி.

நிர்மல்: ஆயாம்மா, தண்ணி! ஏம்மா, நீ ஏன் வந்த? நான் வேன்லதான் வருவேன். திருவேங்கடம் அண்ணன் இன்னைக்கு என்னை ஹாரன் அடிக்க விடுவாங்க. நேத்து... நேத்து இல்ல, நேத்து ஞாயித்துக்கிழமை... அன்னைக்கு விஷாலை விட்டாங்க. இன்னைக்கு என் முறை. அது என்ன டப்பாவுல? எனக்கும்மா?

லோகநாயகி: பாத்தியா? தொறந்த கொழா மூட மாட்டேங்குது. ந்தா நைனா, தண்ணி. மெதுவா குடி, சட்டையில ஊத்திக்காத.

நிர்மல்: ஆயாம்மா, கிருஷ்ணப்பிரியா ஊஞ்சலுக்கு வர மாட்டேங்கா. சும்மா உக்காந்தே இருக்கா. பேசவும் மாட்டேங்கா.

சுரேகா: நல்லதாப் போச்சு. நீ போய்த் தனியா ஆடு.

நிர்மல்: தள்ளிவிட ஆள் வேணும்லா?

சுரேகா: காலை ஊனித் தள்ளுல. போ!

லோகநாயகி: ஏன் சுரேகாம்மா அப்டி வெரட்டுற?

சுரேகா: பின்ன என்னக்கா? எல்லாத்துக்கும் அந்தப் பிள்ளைதான காரணம்? ஆறு வயசுல அவ்வளவு வாய்! பல்லைக் கூரையில எறியலன்னா புதுப் பல்லே முளைக்காதுன்னு இவன் தலையில ஏத்தினதே அவதான்னு, நீங்கதான வியாழக்கிழமை போன்ல சொன்னீங்க?

லோகநாயகி: சொன்னேன்... சொன்னேன். ஆனா அது கெட்ட எண்ணத்துல சொல்லலம்மா. அது எங்க வெள்ளானூர் பொண்ணு, எங்க தெரு. அங்க எல்லா ஊட்லயும் அத்தானே செய்றாங்க? பல்லு விழுந்தா சாணில உருட்டி கூரை மேல போடு. தாத்தன் போட்டான், அப்பன் போட்டான். அவளுக்கு அத்தான் பெரிய படிப்பு.

சுரேகா: எங்க ஊர்லயும்தான் எறிவோம். எறியலன்னா முளைக்காதுன்னு யாரு பயமுறுத்துவா?

லோகநாயகி: அவ சாட்சியோட சொன்னாளே.

சுரேகா: என்ன சாட்சி?

லோகநாயகி: வேன் டிரைவரு திருவேங்கடம்! சிரிச்சான்னா முன்னாடி ரெண்டு பல்லு இருக்காதுல்ல? "அண்ணன் சின்னப் புள்ளையா இருக்கசொல்லோ பல்லை தொலைச்சிட்டாரு, கூரைல போடல, அதான் இன்னும் மொளைக்கல"ன்னு சொல்லிட்டா.

சுரேகா: அவரு பைக்ல இருந்து விழுந்தவர்லா?

லோகநாயகி: அது ஒனக்குத் தெரியும், எனுக்குத் தெரியும். தெனம் ரெண்டு வேளை அந்த வாயைப் பாத்துகினு வர்ற புள்ளைக்கு? அவன் பயந்துட்டான். அதோட உட்டாளா? பல்லு கூரைக்குப் போற வரைக்கும் வாயைத் தொறக்கக்கூடாது, தொறந்தா காத்து பூந்து ஓட்டை மூடிக்கும்னு ஒரு ரூல்ஸு வேற.

சுரேகா: அந்த ரூல்ஸை எங்க இருந்து பிடிச்சா?

லோகநாயகி: சொந்தத் தயாரிப்பு.

சுரேகா: பாருங்களேன்!

லோகநாயகி: எனுக்கே புதன்கிழமைதான் தெரியும். உம்புள்ள மிஸ்ஸாண்ட ஒண்ணுக்குன்னு கேக்கல. எப்டி கேப்பான்? ஒரு வெரலைத் தூக்கிக் காட்டியிருக்கான். சாவித்திரி மிஸ்ஸு, "வெரி குட், ஒன்!"னு சொல்லி கணக்கைத் தொடர்ந்துருக்கு. அப்பால இன்னா... எனாண்ட இட்டுகினு வந்தாங்க. ட்ராயரு மாத்துறேன், அவன் வாயைப் பொத்திகினு அழுவுறான். கண்ணுல மட்டும் தண்ணி. சத்தம் வெளிய வரல. இத்தினி வருஷத்துல நான் எத்தினி அழுகை பாத்திருக்கேன், இது மாதிரி பாத்ததில்ல. அப்பத்தான் இவ பின்னாலயே வந்து நின்னுகினு, "ஆயாம்மா, அவனை அதட்டாத, அவன் பல்லு தொலைஞ்சிடுச்சி"ன்னு எல்லாத்தையும் சொன்னா.

சுரேகா: வியாழக்கிழமை நீங்க போன் பண்ணினதும் நானும் என்னென்னவோ செஞ்சு பார்த்தேன். போன்ல வீடியோ போட்டுக் காட்டினேன். ஈறு, வேரு, எல்லாம் கலர் கலரா. கடைசி வரைக்கும் பார்த்துட்டு, கையால கூரை மாதிரி காட்டுறான். அவங்க அப்பா, "கூரைக்கு எங்க போக? மொட்டை மாடியை அசோசியேஷன்ல பூட்டி வச்சிருக்கான்"ங்கறாரு. பல்லே இல்ல, இவரு கூரைக்கு அனுமதி கேட்டு லெட்டர் எழுதப் போறாரு!

லோகநாயகி: ஆம்பளைங்களுக்கு அத்தான் தெரியும்.

சுரேகா: நீங்கதான் தேடினீங்க. எப்படிக்கா தேடினீங்க? சொல்லுங்க.

லோகநாயகி: தேடுனேன்... தேடாத எடமில்ல. திங்கக்கிழமை சோத்து வேளைல விழுந்தது. கை கழுவசொல்லோ தான் நாக்குல ஓட்டை தட்டுப்பட்டுருக்கு அவனுக்கு. கொழாயடி பாத்தேன். கிளாஸ்ல எல்லா பெஞ்சையும் நவுத்தி பெருக்குனேன். அள்ளுன குப்பைய ஊட்ல மாவு சலிக்கிற சல்லடை எடுத்துகினு வந்து சலிச்சேன். பென்சில் சீவுனது, பட்டாணி, பொட்டு, ஒரு கம்மல் திருகாணி... அல்லாம் வந்துச்சி.

சுரேகா: அப்புறம்?

லோகநாயகி: அப்பால... கெடைச்சிது.

சுரேகா: எங்கக்கா?

லோகநாயகி: மூணாவது பெஞ்சுக்கு அடியில.

சுரேகா: அவன் முதல் பெஞ்சுல்லா?

லோகநாயகி: உருண்டுருக்கும்.

சுரேகா: ம்... உருண்டுருக்கும். அவன் பல்லுதானான்னு நல்லாப் பார்த்தீங்களா?

லோகநாயகி: இன்னா இது, போலீஸு மாதிரி கேக்குற? பல்லுல பேரா எழுதியிருப்பாங்க? வெள்ளையா, சின்னதா, அரிசி மாதிரி இருந்துச்சி.

சுரேகா: சரி, சரி, கோவப்படாதீங்க. சும்மா கேட்டேன். அந்தக் கூரைக் கதையைச் சொல்லுங்க. அவன் அஞ்சு தடவை சொல்லிட்டான், அஞ்சும் அஞ்சு மாதிரி இருக்கு.

லோகநாயகி: அத்த ஏன் கேக்குற! சாணி இல்லாம ஆவாதுன்னு உம்புள்ள கையாலயே சொல்லிட்டான். நான் எங்க ஊட்டாண்டருந்து தயிர் கப்புல சாணி எடுத்துகினு ஷேர் ஆட்டோல வரேன். பக்கத்துல ஒரு ஐ.டி. பையன், வெள்ளைச் சட்டை. "ஆன்ட்டி, இன்னா ஸ்மெல்லு?"ன்னான். மருந்துன்னேன். இறங்குற வரைக்கும் மூக்கைத் தொறக்கல அவன்.

சுரேகா: மருந்தா! அடப் பாவமே!

லோகநாயகி: ப்ரேயர் பெல்லுக்கு முன்னாடி சைக்கிள் ஷெட்டாண்ட இட்டுகினு போனேன். அத்துக்கு மட்டுந்தான் தகர ஷீட்டு, மத்ததெல்லாம் மாடி. பல்லை சாணில வெச்சி உருட்டி கைல குடுத்தேன். கண்ணை இறுக்க மூடிகினு, மூச்சு புடிச்சிகினு, வீசுனான் பாரு! மேல போச்சி. டக்குன்னு சத்தம். அப்பாடான்னு நெனச்சேன். டொரடொரடொரன்னு அந்தப் பக்கமா உருளுது.

சுரேகா: அந்தப் பக்கத்துல...

லோகநாயகி: அந்தப் பக்கத்துல நம்ம கமலம் மேடம், லேட்டா வந்த புள்ளைங்களை நிக்க வெச்சி கத்திகினு கீது. நேரா கொண்டையில, மல்லிப்பூவுக்கு நடுவுல, பொத்துனு!

சுரேகா: அய்யோ... வயிறு வலிக்குக்கா...

லோகநாயகி: இரு, முழுசா கேளு. எச்செம் கையை வெச்சி தடவிப் பாத்துச்சி. மோந்து பாத்துச்சி. மேல வேப்ப மரத்தைப் பாத்து, "சீ! சனியன் புடிச்ச காக்கா!"ன்னு ஒரு கத்து. நான் ஓடிப்போயி, "ஆடாம நில்லு மேடம், நான் எடுக்கறேன்"னு பூவோட சேத்து உருவிட்டேன். "இன்னா லோகநாயகி, ஒரு காக்கா இவ்ளோ போடுமா?"ன்னு கேக்குது. "காலம் கெட்டுக் கீது மேடம்"னேன்.

சுரேகா: நிர்மல் எங்க இருந்தான்?

லோகநாயகி: ஷெட்டுக்குப் பின்னால. ஒரு மாதிரி சத்தம் கேக்குது. அழுவுறான்னு நெனச்சி ஓடுனேன். வயித்தைப் புடிச்சிகினு தரையில குந்தி சிரிக்கிறான்! வாய் இம்மாம் பெருசா தொறந்து, முன்னாடி ஓட்டை பளிச்சினு தெரியுது. "ஆயாம்மா, எச்செம் தலையில என் பல்லு!" அத்தான் அவன் வாய்லருந்து வந்த மொத பேச்சு. நானும் குந்திட்டேன் அவன் பக்கத்துல. எனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சி.

சுரேகா: ...நல்லா இருப்பீங்கக்கா நீங்க.

லோகநாயகி: ரெண்டாவது வாட்டி போட்டது ஷீட்டு மடிப்புல மாட்டிகினு நின்னுச்சி. தோ, அங்கியே கீது. காஞ்சி போயிருக்கும்.

சுரேகா: உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. இன்னும் ஒரே ஒரு உதவி மட்டும் செய்யணும்.

லோகநாயகி: சொல்லு.

சுரேகா: இந்த லெட்டரைக் கமலம் மேடம்கிட்டக் குடுக்கணும். நான் குடுத்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நீங்க டேபிள்ல வச்சாப் போதும்.

லோகநாயகி: இன்னா லெட்டரு? எனுக்கு இங்கிலீசு வராது.

சுரேகா: நிர்மலை அந்தப் பிள்ளை பக்கத்துல இருந்து மாத்தி உட்கார வைக்கச் சொல்லி. முடிஞ்சா வேற செக்ஷன்.

லோகநாயகி: வாணாம் சுரேகாம்மா.

சுரேகா: ஏன்? நாளைக்கு நகத்தை வெட்டினா கை போயிரும்னு சொல்லுவா. மறுபடியும் அவன் மூடிக்கிட்டான்னா எனக்குத் தாங்காது. ஒரு அம்மாவா யோசிங்க.

லோகநாயகி: அவ பக்கத்துல குந்துனப்பறந்தான் உம்புள்ள வாயே தொறந்தான். ஆயுத பூஜை முடிஞ்சி எடம் மாத்துனாங்க. நாலே நாளு. அவ பேசுற பேச்சுக்கு பதில் சொல்லாம எவனால இருக்க முடியும்? தண்ணின்னு எனாண்ட கேட்டான், அத்தான் ஒனக்குத் தெரியும். அத்த கேக்கச் சொல்லி முதுகுல குத்துனது அவ.

சுரேகா: அப்படியா... இருக்கட்டும்க்கா. அது வேற. அவளைப் பாருங்களேன், நான் வந்ததுல இருந்து பார்க்கேன், அந்த ஊஞ்சல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உம்முனு. கேட்டுல எத்தனை பேர் வந்தாலும் நூறு கேள்வி கேக்கறவ. இன்னைக்கு என்னைப் பார்த்ததும் வாயில கையை வச்சுக்கிட்டா. பயம்தான், மாட்டிக்கிட்டோம்னு.

லோகநாயகி: பயம் இல்லம்மா அது.

சுரேகா: பின்ன?

லோகநாயகி: சொல்லக்கூடாது. வெளிய சொன்னா என் கண்ணு அவிஞ்சிடும்னு சத்தியம் வாங்கிகினா.

சுரேகா: யாரு, அந்தப் பொடிசா? என்ன சத்தியம்?

லோகநாயகி: லெட்டரைக் கிழிச்சிப் போடு, சொல்றேன்.

சுரேகா: முதல்ல சொல்லுங்க.

லோகநாயகி: ...சாமி என்னை மன்னிக்கட்டும். நான் ஒனக்கு ஒரு பொய் சொல்லிட்டேன் சுரேகாம்மா. மூணாவது பெஞ்சுக்கு அடியில பல்லு கெடைக்கல. எங்கியும் கெடைக்கல. வியாழக்கிழமை சாய்ங்காலம் வரைக்கும் தேடுனேன். சாக்பீஸை ஒடைச்சி, தேச்சி, ஒரு பல்லு செஞ்சேன். அத்த குடுக்கவும் பயம்... உம்புள்ள கெட்டிக்காரன், சொவுத்துல எழுதிப் பாத்துருவான். இன்னா பண்றதுன்னு தொடப்பத்தை வெச்சிகினு குந்திகினு கீறேன். அப்ப இவ வந்து நிக்கிறா. கைல கர்ச்சீப்பு.

சுரேகா: கிருஷ்ணப்பிரியாவா?

லோகநாயகி: அவளுக்குக் கீழ்ப் பல்லு ஆடிகினு இருந்துச்சி. ஒரு மாசமா அத்தே பேச்சு. "ஆயாம்மா, எங்க ஊட்டு ஓட்டு மேல போடப்போறேன், எங்கப்பா தூக்கிப் புடிக்கிறேன்னு சொல்லிக்கீறாரு"ன்னு தெனம் ஆட்டி ஆட்டிக் காட்டுவா. அது அன்னிக்கி முறுக்கு கடிக்கசொல்லோ விழுந்துருச்சி. கர்ச்சீப்பைத் தொறந்து என் கைல வெச்சி, "இத்த அவன்துன்னு சொல்லி அவனாண்ட குடுத்துரு"ங்கறா.

சுரேகா: அக்கா...

லோகநாயகி: "ஏண்டி, ஒனக்கு மொளைக்க வாணாமா?"ன்னேன். "எனுக்கு மேல நெறைய கீது ஆயாம்மா. அவன் பேசாம ரொம்ப பேஜாரா கீது"ன்னா. இன்னா பண்ணாலும் மொளைக்கும்டின்னு நானும் சொல்லிப் பாத்தேன். "அப்ப திருவேங்கடம் அண்ணன்?"னு கேட்டா. நான் எத்த சொல்ல? அவ நெசமாவே நம்புறாம்மா. தனக்கு இனிமே அந்த எடத்துல பல்லே வராதுன்னு நம்பிகினுதான் குடுத்தா. ஆறு வயசு.

சுரேகா: அதனாலதான் வாயை...

லோகநாயகி: வெள்ளிக்கிழமைலருந்து அப்டித்தான். ஓட்டை தெரிஞ்சா நிர்மலு கண்டுபுடிச்சிருவான்னு. இன்னிக்கி அவளுக்கும் ஆப்சென்ட்டு போட்டாச்சி. இப்ப சொல்லு, இந்த லெட்டரை நான் எச்செம் மேஜைல வெக்கட்டுமா?

சுரேகா: குடுங்க இங்க.

லோகநாயகி: ஐய, மெல்ல... துண்டு துண்டா கிழிச்சிட்டியே. நாந்தான் பெருக்கணும்.

சுரேகா: நான் பெருக்குறேன். நிர்மல்! ஏல நிர்மல்! அவளைக் கூட்டிட்டு இங்க வா!

நிர்மல்: வர மாட்டேங்காம்மா! தலையை இப்படி இப்படி ஆட்டுறா!

சுரேகா: திட்ட மாட்டேன்னு சொல்லு. முந்திரிக்கொத்து தாரேன்னு சொல்லு.

நிர்மல்: வாயில கை வச்சிருக்காளே, எப்படித் தின்னுவா?

லோகநாயகி: வா பாப்பா, வா... இன்னா மொறைக்கிற? ஆமா, சொல்ட்டேன். சத்தியத்தை மீறிட்டேன். ஆயாம்மா கண்ணு ஒண்ணும் அவிஞ்சி போவல, நல்லாத்தான் கீறேன். வா.

நிர்மல்: என்ன சத்தியம், ஆயாம்மா? எனக்கும் சொல்லுங்க. ஏம்மா, நீ ஏன் அழுற? டப்பாவுல ஒண்ணு எடுத்துக்கட்டா?

சுரேகா: எடுத்துக்கோ, அவளுக்கும் ஒண்ணு குடு. கிருஷ்ணப்பிரியா... பக்கத்துல வா கண்ணு. கையை நீட்டு. வாயில இருக்கிற கை அங்கேயே இருக்கட்டும், இன்னொரு கை. இந்தா, கெட்டியாப் பிடிச்சுக்கோ. இதுதான் நிர்மலோட சொந்தப் பல்லு. அவன் டிபன் பாக்ஸ் மூடி ரப்பருக்குள்ள ஒளிஞ்சு கிடந்தது, சனிக்கிழமை கழுவும்போது கிடைச்சுது. ஆயாம்மா என் பிள்ளைக்காகப் பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சுதான், அவங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன். உனக்கும் சொல்லணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. உன் பல்லை அவன் எறிஞ்சான்லா? அவன் பல்லை நீ எறி. ரெண்டு பேருக்கும் முளைக்கும். அக்கா, சாணி எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க, நானே போய் அள்ளிட்டு வாரேன்.